டுவைட் யார்க்: மூன்று கோப்பைக்காரரா, ஒரு டிராவுக்காக 16 வருஷம் காத்திருந்தவரா?

பழைய பேப்பர் எழுதியது:

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களோடு பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஸ்ட்ரைக்கர் யார்க் என்றாலே 1999, ஒரே சீசனில் மூன்று கோப்பை, முன்வரிசை ஜோடி ஆண்டி கோல், அந்த முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. அதோடு பேச்சு முடிந்துவிடும். (ஆண்டி கோல் கோல் அடித்தார் என்று தமிழில் எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் கணக்கில் அவர் கதை 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி நடந்த பார்சிலோனாவில் தொடங்கவில்லை. 1989 நவம்பர் 19, போர்ட் ஆஃப் ஸ்பெயின் தேசிய மைதானம். யார்க்கின் கரீபியன் தீவு நாடான டிரினிடாட் டொபேகோவுக்கு அமெரிக்காவோடு ஒரே ஒரு டிரா போதும், இத்தாலியில் நடக்கும் 1990 உலகக் கோப்பைக்கு டிக்கெட் உறுதி. ஜெயிக்கக்கூட வேண்டாம். தோற்காமல் இருந்தால் சரி. ஊர் முழுக்கச் சிவப்புச் சட்டை. அன்று களத்தில் இருந்தவர்களில் ஒருவன் டொபேகோவின் கானான் கிராமத்துப் பையன் யார்க். பதினெட்டு வயது முடிந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

31வது நிமிடத்தில் பால் கலிஜுரி என்ற அமெரிக்கர் தூரத்திலிருந்து இடது காலால் ஒன்று உதைத்தார். பந்து மேலே போய், வளைந்து, கீழே விழுந்து வலைக்குள். கோல்கீப்பர் மைக்கேல் மாரிஸின் கண்ணில் வெயில் அடித்தது என்பார்கள். 0-1. அதற்குமேல் கோலே விழவில்லை. 1950க்குப் பிறகு அமெரிக்கா முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. டிரினிடாட் வீட்டில் உட்கார்ந்தது.

அந்தக் கூட்டம் ஒரு நாற்காலியைக்கூட உடைக்கவில்லை. எதிரணிக்குக் கை தட்டி அனுப்பிவைத்தது. அந்த வருஷத்து ஃபிஃபாவின் நேர்மை விருது ஆட்டக்காரர் யாருக்கும் போகவில்லை, டிரினிடாட் பார்வையாளர்களுக்குப் போனது. எனக்குத் தெரிந்து ஒரு தோல்விக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைத்தது அரிது.

அந்த அணிக்கு 'ஸ்ட்ரைக் ஸ்குவாட்' என்று பெயர். பயிற்சியாளர் எவரால்ட் கம்மிங்ஸ், ஊரார் வாயில் 'கேலி'. அதிலிருந்து இரண்டே பேர் 2006 உலகக் கோப்பைக்கு ஜெர்மனி போனார்கள்: யார்க்கும் ரஸல் லாட்டபியும். மற்றவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு கதவு சாத்திவிட்டது.

இதை வைத்துத்தான் அவரை எடை போட வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.


சிவப்புச் சட்டை எழுதியது:

வந்துட்டேன் அண்ணே. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மனுஷன் 1998-99ல ஒரே சீசன்ல 29 கோல் போட்டிருக்கார். லீக்ல 18, அவரோட முதலிடத்தைப் பங்குபோட்ட ஓவனும் ஹாஸல்பைங்கும் அதே 18. சாம்பியன்ஸ் லீக்ல 8. இதையெல்லாம் ஓரமா வச்சுட்டு, தோத்த மேட்ச்ல ஆரம்பிக்கிறது ஞாயமா?

பிரீமியர் லீக்ல மொத்தம் 123 கோல். அகுவேரோ வந்து தாண்டுற வரைக்கும் ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வந்த ஆட்டக்காரர்கள்ல அதுதான் உச்சம். தேசிய அணிக்கு எழுபதுக்கு மேல மேட்ச் ஆடி 19 கோல்தான். கணக்குப் பார்த்தா எந்தச் சட்டையில அவர் பெரிய ஆள்னு தெரியுதே.


மூணாவது ரெஃப்ரி எழுதியது:

கணக்கை மட்டும் பார்த்தால் யார்க்கின் ஆட்டம் பிடிபடாது. யுனைடெட்டுக்கு முந்தைய ஆஸ்டன் வில்லா காலத்திலிருந்தே நான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

1989ல் ஆஸ்டன் வில்லா மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சுற்றுப்பயணம் போனது. அங்கே நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில்தான் மேலாளர் கிரஹாம் டெய்லர் கண்ணில் இந்தப் பையன் பட்டான். பர்மிங்ஹாமுக்கு வரவழைத்தார், பார்த்தார், ஒப்பந்தம் போட்டார். டொபேகோவில் பிறந்தவனுக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முதல் சில வருஷம் ஓரத்தில்தான் ஓடினார், விங்கர். நடுவில் நிறுத்தத் தோதான ஆள் என்று பிரையன் லிட்டில் மேலாளராக வந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. 1995-96ல் லீக்கில் 17, அடுத்த வருஷம் மறுபடி 17. 1996 லீக் கோப்பை இறுதியில் லீட்ஸை 3-0 அடித்தபோது மூன்றாவது கோல் இவருடையது.

விங்கராக வளர்ந்தவர் என்பதுதான் சூட்சுமம். பெனால்டி பெட்டிக்குள் நின்று பந்துக்குக் காத்திருக்கிற ரகம் இல்லை. கீழே இறங்கி வருவார், முதுகில் டிஃபெண்டரை வைத்துக்கொண்டே பந்தை வாங்குவார், அரை அடி இடம் கிடைத்தால் திரும்பிவிடுவார். அப்படி இறங்கும்போது சென்டர் பேக்குக்குத் தலைவலி. கூடவே போனால் பின்னால் ஓட்டை, போகாவிட்டால் இவர் திரும்பிவிடுவார். அந்த ஓட்டைக்குள் ஓடுவதற்குத்தான் ஆண்டி கோல்.

1998 நவம்பர் பார்சிலோனா ஆட்டத்தின் இரண்டாவது யுனைடெட் கோலை இன்னொரு தரம் பாருங்கள். கேப்டன் ராய் கீனின் பாஸ் வருகிறது. யார்க் தொடுவதுபோல் பாவனை காட்டி விட்டுவிடுகிறார். பின்னால் ஆண்டி கோல் எடுக்கிறார், யார்க்குக்குத் தட்டுகிறார், யார்க் ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுக்கிறார், வலை. டிஃபெண்டர் இரண்டு பேரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி நிற்பார்கள். ஸ்கோர் பலகையில் ஆண்டி கோலின் பெயர்தான். ஆனால் அந்தக் கோலில் பாதிக்குமேல் யார்க். அந்த மேட்ச் 3-3, யுனைடெட்டின் மற்ற இரண்டும் அவரே.

ஆண்டி கோல் அதற்கு முன்னால் சக ஸ்ட்ரைக்கர் ஷெரிங்ஹாமோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் ஆடியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார்க் வந்ததும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிற அளவுக்கு நெருக்கம். சிரித்த முகத்துக்கும் ஆட்டத்தில் பங்கு உண்டு.


2005ல் பிறந்தவன் எழுதியது:

அண்ணா, டூரின் மேட்ச் எப்படி? எல்லாரும் கீனைப் பத்தியே பேசறாங்க.


மூணாவது ரெஃப்ரி எழுதியது:

தம்பி, 1999 ஏப்ரல் 21, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பதினோரு நிமிடத்துக்குள் யுவென்டஸின் இன்ஸாகி இரண்டு போட்டுவிட்டார். கீன் ஒன்றைத் திருப்பினார். 34வது நிமிடம் ஆண்டி கோல் கொடுத்த கிராஸில் யார்க்கின் ஹெட்டர், 2-2. கடைசியில் யார்க் நடுவே புகுந்து போனார், கோல்கீப்பர் பெருஸி இழுத்துத் தள்ளினார், பந்து உருண்டது, ஆண்டி கோல் முடித்தார். 3-2. அதற்கு முந்தைய சுற்றில் இன்டர் மிலானுக்கு எதிராக பெக்கம் கிராஸில் இரண்டு ஹெட்டர். ஆறடிகூட இல்லாத ஆள், இத்தாலிக்காரர்களுக்கு நடுவே தலையால் மூன்று கோல்.


பத்தாம் நம்பர் எழுதியது:

எல்லாரும் யார்க் யார்க்குன்னு உருகுறீங்க. டிரினிடாட்காரங்ககிட்ட "யாருய்யா உங்க ஊர் பெரிய ஆட்டக்காரன்"னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் லாட்டபின்னுதான் சொல்வாங்க. 'குட்டி மந்திரவாதி'.

போர்ச்சுகல்ல பாபி ராப்சன் பயிற்சியாளரா இருந்த காலத்துல போர்ட்டோ சட்டை போட்டவர். அப்புறம் போவிஸ்டா. பிறகு ஸ்காட்லாந்து: ஹிபர்னியன், ரேஞ்சர்ஸ், ஃபால்கிர்க். குள்ளமான ஆள், ஆனா பந்து காலை விட்டுப் போகாது. இங்கிலீஷ் லீக்ல ஆடலைங்கறதுக்காக டிவில வரலை, டிவில வராததால நம்ம ஆளுங்களுக்குத் தெரியலை. அவ்ளோதான் விஷயம்.

அப்புறம் பழைய பேப்பர் அண்ணே, நீங்க ஒண்ணை நைசா விட்டுட்டீங்க. 1989லேர்ந்து 2006 வரைக்கும் உங்க ஆளு தேசியக் கொடியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கலை. 2001ல பயிற்சிக்கு வராத பிரச்சினைல அவரும் லாட்டபியும் அணியோட மனஸ்தாபப்பட்டு வெளிய போனாங்க. நாலு வருஷம் கழிச்சுத்தான் திரும்பினாங்க. "16 வருஷம் காத்திருந்தவர்"னு தலைப்பு வச்சிருக்கீங்க, அதுல நாலு வருஷத்தைக் கழிச்சுக்கோங்க.


பழைய பேப்பர் எழுதியது:

கழித்துக்கொண்டேன். நியாயமான அடி.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவரைச் சின்ன வயதில் சிக்னல் ஹில் பள்ளியில் வார்த்தவர் பெர்ட்டில் செயின்ட் கிளேர். அதே ஆள்தான் பிறகு தேசிய அணிக்கும் பயிற்சியாளர். 2006க்கான தகுதிச் சுற்றிலும் தொடக்கத்தில் அவரே. முடிவுகள் மோசமாகி 2005ல் அவரை நீக்கிவிட்டு டச்சுக்காரர் லியோ பேன்ஹாக்கரைக் கொண்டுவந்தார்கள். தன்னை உருவாக்கிய வாத்தியார் வெளியேற்றப்பட்ட அணிக்குத்தான் யார்க் கேப்டனாக ஆடி உலகக் கோப்பைக்குப் போனார். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. லாட்டபியையும் அதே வருஷம்தான் கெஞ்சிக் கூப்பிட்டுவந்தார்கள்.


ஸ்லிப்பில் நிற்பவன் எழுதியது:

நான் கிரிக்கெட் பக்கத்து ஆள். எதற்கு இங்கே மூக்கை நுழைக்கிறேன் என்றால், யார்க்கின் அண்ணன் தம்பிகளில் ஒருவர், கிளின்ட் யார்க், டிரினிடாட் டொபேகோவுக்காக முதல்தர கிரிக்கெட் ஆடியவர். லாராவும் யார்க்கும் இணைபிரியாத தோழர்கள், லாட்டபியும் அதே கூட்டம். 1994ல் லாரா ஆன்டிகுவாவில் 375, பிறகு வார்விக்ஷயருக்கு 501 அடித்த அந்தக் கோடையில் இருவருக்கும் பர்மிங்ஹாம்தான் ஊர். ஒருத்தருக்கு எட்ஜ்பாஸ்டன், இன்னொருத்தருக்கு வில்லா பார்க்.

1998 மே மாதம், சாம்பியன் ஆகிவிட்ட ஆர்சனலுக்கு எதிராக வில்லாவுக்கு ஒரு பெனால்டி. எதிரே டேவிட் சீமன். யார்க் ஓடிவந்து, அடிக்காமல், பந்துக்கு அடியில் லேசாகக் காலைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். சீமன் ஒரு பக்கம் விழுந்து கிடக்க, பந்து நடுவில் மெதுவாக இறங்கியது. லாரா ஸ்லிப்புக்கும் கல்லிக்கும் நடுவே லேட் கட் விடுவாரே, அதே திமிர். அந்த ஊர்த் தண்ணீரிலேயே ஏதோ இருக்கிறது.


சிவப்புச் சட்டை எழுதியது:

அந்த மேட்சுக்கு மூணு மாசம் கழிச்சு 12.6 மில்லியன் பவுண்டுக்கு எங்க யுனைடெட்டுக்கு வந்துட்டார். போறேன்னு சொன்னப்போ கையில துப்பாக்கி இருந்திருந்தா சுட்டிருப்பேங்கிற மாதிரி வில்லா மேலாளர் ஜான் கிரெகரி பேசினது உலகப் பிரசித்தம்.

எங்க பக்கத்து வருத்தத்தையும் சொல்லிடறேன். 1999-2000ல லீக்ல 20 கோல். 2001 பிப்ரவரில ஆர்சனலை 6-1 அடிச்சப்போ 22 நிமிஷத்துக்குள்ள ஹாட்ரிக். அவ்ளோதான், அதுக்கப்புறம் புது ஸ்ட்ரைக்கர் வான் நிஸ்டல்ரூய் வந்தார், மேலாளர் ஃபெர்குசன் ரெண்டு ஸ்ட்ரைக்கர் ஆட்டத்தையே மாத்தினார். 30 வயசுல பிளாக்பர்னுக்கு வித்துட்டாங்க. ராத்திரி ஊர் சுத்தினதாலதான் போச்சுன்னு ஒரு கூட்டம் சொல்லும். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா ஆட்டத்தோட அமைப்பு மாறினா இவரை மாதிரி ஆட்களுக்குத்தான் முதல்ல இடம் போகும்.


சிட்னித் தம்பி எழுதியது:

எல்லாரும் பிளாக்பர்னோட கதையை முடிக்கப் பாக்கிறியள். கொஞ்சம் பொறுங்கோ.

நான் 2004 கடைசியில சிட்னிக்கு வந்தனான். இஞ்ச அப்ப ரக்பியும் கிரிக்கெட்டும்தான் கதை. உதைபந்து எண்டா வெளிநாட்டிலயிருந்து வந்த ஆக்களின்ர விளையாட்டு எண்டு ஒரு நினைப்பு. 2005 ஓகஸ்டில புதுசா ஏ-லீக் தொடங்கினாங்கள். சிட்னி எஃப்சிக்கு யார்க் வாறார் எண்டு கேள்விப்பட்டு, நானும் என்ர சகலனும் முதல் மட்சுக்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு போனனாங்கள். மெல்போர்ன் விக்டரியோட 1-1. சிட்னியின்ர கோல் இவர் பாய்ஞ்சு தலையால அடிச்சது. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரத் தாத்தா ஒருத்தர் எங்களைக் கட்டிப்பிடிச்சுப் போட்டார்.

நாங்கள் ஸ்ட்ரைக்கர் எண்டு நினைச்சுப் போனம். ஆனா பயிற்சியாளர் லிட்பார்ஸ்கி அவரை நடுக்களத்தில இறக்கி விளையாட வைச்சார். முதல்ல எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். பிறகு ரெண்டு மூண்டு மட்ச் போக விளங்கிச்சுது. ஓட்டம் குறைஞ்சு போச்சுது, மூளை குறையேல்ல. எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கேக்க இவர் நிண்டுகொண்டு பந்தை எங்க அனுப்பவேணுமோ அங்க அனுப்புவார். பெடியளைக் கையைக் காட்டி நகர்த்துவார்.

2006 மார்ச் இறுதி மட்சில சென்ட்ரல் கோஸ்டுக்கு எதிரா 1-0. கோரிக்கா அடிச்ச கோலுக்குப் பந்தைக் குடுத்தது யார்க். இறுதி மட்சில சிறந்த ஆளுக்குக் குடுக்கிற ஜோ மார்ஸ்டன் பதக்கமும் அண்டைக்கு அவருக்குத்தான். நாப்பதாயிரம் சனம். அதுக்கு முதல் டிசம்பரில ஜப்பானில நடந்த கிளப் உலகக் கோப்பையில ஜப்பானின்ர பெரிய ஆட்டக்காரர் கசுயோஷி மியூரா இவையளோட சேர்ந்து விளையாடினவர் எண்டதையும் சொல்லத்தான் வேணும். மியூராவும் யார்க்கும் ஒரே சட்டையில! எகிப்தின்ர அல் அஹ்லியை வெண்ட மட்சில யார்க் ஒரு கோல்.

நான் சொல்ல வந்தது என்னெண்டா, ஜெர்மனியில நீங்கள் பாத்த அந்த நடுக்கள யார்க் சிட்னியில செய்த ஆள்.


பழைய பேப்பர் எழுதியது:

சிட்னித் தம்பி, இதுதான் என் கதையில் விட்டுப்போன கண்ணி. 2006ல் அவர் ஏன் அவ்வளவு பின்னால் ஆடினார் என்று அப்போது டிவியில் பார்த்த எங்களுக்குக் குழப்பம்.

ஜெர்மனிக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். தகுதிச் சுற்றின் கடைசி நாள் மெக்ஸிகோவை 2-1 வென்றார்கள், இரண்டும் ஸ்டெர்ன் ஜான். அதனால் பஹ்ரைனோடு பிளே-ஆஃப். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 1-1. மறுபடி அதே மைதானம், மறுபடி பின்தங்கல். அப்போது தூரத்திலிருந்து ஒரு குண்டு போட்டுச் சமன்செய்தவர் கிறிஸ் பிர்ச்சல், இங்கிலாந்தில் பிறந்த வெள்ளைக்காரப் பையன். அவருடைய அம்மா பிறந்தது போர்ட் ஆஃப் ஸ்பெயினில். நான்கு நாள் கழித்து, நவம்பர் 16, மனாமா. யார்க் எடுத்த கார்னர், பனைமரம் மாதிரி நிற்கும் டென்னிஸ் லாரன்ஸ் தலையைக் கொடுத்தார். 1-0. அதுவரை உலகக் கோப்பைக்குப் போன நாடுகளிலேயே மக்கள்தொகை குறைந்தது, சுமார் 13 லட்சம்.

டோர்ட்மண்ட், 2006 ஜூன் 10. சுவீடன். இப்ராஹிமோவிச், லார்சன், யுங்பர்க். ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் கோல்கீப்பர் கெல்வின் ஜாக்குக்கு அடிபட, கடைசி நேரத்தில் கையுறை மாட்டியவர் 37 வயது ஷாகா ஹிஸ்லப். இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு ஏவரி ஜானுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேர், 45 நிமிடம். யார்க் தன் சொந்த பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் நிறுத்தி, இரண்டு வினாடி வைத்திருந்து, பாஸ் கொடுத்தார். அந்த இரண்டு வினாடிதான் மூச்சு வாங்கும் நேரம். கார்னல் க்ளென் ஒருமுறை பந்தைக் கம்பத்தில் அடித்தார். நான் சோபாவிலிருந்து எழுந்து மின்விசிறியில் கையை இடித்துக்கொண்டேன்.

0-0. ஆட்டநாயகன் யார்க்.

1989ல் எந்த முடிவு வேண்டுமென்று நாடே தவம் கிடந்ததோ, அதே முடிவு. பிறகு இங்கிலாந்து 83வது நிமிடம் வரை தவித்தது, அவர்களின் கிரவுச், டிரினிடாட் டிஃபெண்டர் சான்ச்சோவின் சடையைப் பிடித்து இழுத்துத்தான் அந்த ஹெட்டரை அடித்தார். இன்றுவரை ஆறவில்லை. பராகுவே ஆட்டத்தில்தான் லாட்டபிக்கு வாய்ப்புக் கிடைத்தது, அதுவும் மாற்றாளாக. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. இருந்தும் ஊரில் அவர்களை எப்படி வரவேற்றார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.


பத்தாம் நம்பர் எழுதியது:

லாட்டபியை முதல் ரெண்டு மேட்ச்ல பெஞ்ச்ல உக்கார வச்சதுக்கு பேன்ஹாக்கரை நான் மன்னிக்க மாட்டேன். மத்தபடி ஒத்துக்கறேன்.


சிவப்புச் சட்டை எழுதியது:

சடை விஷயத்துல நானும் உங்க கட்சிதான் அண்ணே.


ஸ்லிப்பில் நிற்பவன் எழுதியது:

சும்மா தோண்டியதில் ஒன்று. டொபேகோவில் பகோலெட் என்ற இடத்தில் யார்க் பெயரிலேயே ஒரு மைதானம் இருக்கிறது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகக் கட்டியது. எந்த வருஷம் தெரியுமா? 2001. பத்தாம் நம்பர் சொன்ன அதே 2001. ஊர் அவர் பெயரை வாசலில் எழுதிய வருஷம்தான் அவர் தேசிய அணியை விட்டுப் போன வருஷம்.


2005ல் பிறந்தவன் எழுதியது:

அண்ணா, யார்க் கோச் ஆகியும் டிரினிடாட்டால 2026 உலகக் கோப்பைக்குப் போக முடியலையே. அதை யாரும் பேசலை.


மூணாவது ரெஃப்ரி எழுதியது:

பேசலாம் தம்பி. ஆஸ்திரேலியாவில் மக்ஆர்தர் அணிக்குப் பயிற்சியாளராகி 2022ல் ஆஸ்திரேலியக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார், சில மாதத்தில் வெளியே வந்துவிட்டார். 2024 நவம்பரில் டிரினிடாட் பொறுப்பு. தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் ஜமைக்கா, குரசாவ், பெர்முடாவோடு ஒரே பிரிவு. மூன்றாவது இடம்தான் கிடைத்தது. 48 அணிகள் போகிற, போட்டியை நடத்துவதால் மூன்று பக்கத்து நாடுகள் தகுதிச் சுற்றில்லாமல் நேரே உள்ளே போய்விட்ட உலகக் கோப்பைக்கே போக முடியவில்லை என்றால், அது சறுக்கல்தான். மூடி மறைக்க ஒன்றுமில்லை. நல்ல ஆட்டக்காரர் நல்ல வாத்தியாராக வேண்டும் என்று சட்டமில்லை.


பழைய பேப்பர் எழுதியது:

அந்தப் பிரிவின் கடைசி ராத்திரியை நான் விழித்திருந்து பார்த்தேன். 2025 நவம்பர் 18, கிங்ஸ்டன். ஜமைக்கா ஜெயித்தாக வேண்டும். குரசாவுக்கு ஒரு டிரா போதும். ஒன்றரை லட்சம் பேர் உள்ள தீவு.

அன்று ஜமைக்காவின் பயிற்சியாளர் ஸ்டீவ் மெக்லாரன். 1999ல் ஃபெர்குசனின் உதவியாளராக யார்க்குக்குப் பயிற்சி கொடுத்தவர், 2006ல் நியூரம்பர்க்கில் இங்கிலாந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் ஆட்கள் மூன்று தடவை கம்பத்தில் அடித்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி கிடைத்தது, வீடியோ பார்த்து நடுவர் அதையும் திரும்ப எடுத்துக்கொண்டார். 0-0. குரசாவ் உள்ளே. 2006ல் டிரினிடாட் வைத்திருந்து, 2018ல் ஐஸ்லாந்துக்குப் போன 'மிகச் சின்ன நாடு' என்ற பட்டம் மறுபடி கரீபியனுக்கே வந்தது.

அதே ராத்திரி யார்க்கின் அணி பெர்முடாவோடு 2-2. அந்த ஆட்டத்தை எங்கள் ஊர் டிவியில் காட்டவில்லை.